பிளேட் ரன்னர்: எந்தப் பதிப்பை முதலில் பார்ப்பது, எந்தத் தொகுப்பை வாங்குவது?

கார்முகில்:

அனைவருக்கும் வணக்கம். ரிட்லி ஸ்காட் இயக்கி 1982-இல் வெளிவந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தை, 2017 செப்டம்பரில் வெளியான 4கே வட்டில் அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். அந்த வட்டில் இருப்பது ‘ஃபைனல் கட்’ எனப்படும் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதே பெட்டியில் தனியாக ஒரு ப்ளூரே வட்டும் இருக்கிறது. 1982-இன் அமெரிக்கத் திரையரங்குப் பதிப்பு, அதே ஆண்டின் பன்னாட்டுப் பதிப்பு, 1992-இன் ‘டைரக்டர்ஸ் கட்’ ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

மறுநாளே அமெரிக்கப் பதிப்பைப் போட்டேன். நூடுல்ஸ் கடைக்கு எதிரே, தப்பி வந்த ‘ரெப்ளிகண்ட்’ எனப்படும் செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகன் டெக்கர்ட் (ஹாரிசன் ஃபோர்ட்) செய்தித்தாளோடு காத்திருக்கும் காட்சியிலேயே திகைத்துப் போனேன். முந்தைய நாள் பார்த்தபோது அங்கே மழையின் இரைச்சலும், மேலே மிதந்து செல்லும் விளம்பர வானூர்தி வேற்றுலகக் குடியேற்றங்களுக்கு ஆள் கூப்பிடும் குரலும்தான் காதில் விழுந்தன. இதிலோ ஹாரிசன் ஃபோர்டின் குரல் குறுக்கிட்டு, தாம் யார், தம் தொழில் என்ன என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. நிறங்களும் வேறாகத் தெரிகின்றன. 4கே வட்டில் நிழல்களெல்லாம் பச்சை கலந்த நீலத்தில் தோய்ந்திருக்கின்றன. பழைய பதிப்பில் அந்தச் சாயல் அவ்வளவாக இல்லை.

ஓடும் நேரத்தைப் பார்த்தால் நான்குமே 116, 117 நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. நீளத்தில் வேறுபாடே இல்லாதவை பார்க்கும்போது எப்படி இவ்வளவு வேறாக இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். என் பெட்டியில் இல்லாத ‘வொர்க்பிரிண்ட்’ என்னும் பதிப்புக்காகப் பழைய தொகுப்பு ஒன்றைத் தேடி வாங்குவது தகுமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வரும் விடுமுறைக்கு என் தம்பி வருகிறான். அவன் இப்படத்தைப் பார்த்ததில்லை. அவனுக்கு எதைப் போட்டுக் காட்டலாம் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பழஞ்சுருள்:

வணக்கம் கார்முகில். இப்படத்தின் பதிப்புகளைப் புரிந்துகொள்ள, அவை திரையரங்குக்கு வந்த வரிசையைவிட வீட்டுக்கு வந்த வரிசையைப் பின்பற்றுவது நல்லது என்பது என் எண்ணம். 1982 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் இது வெளியானபோது, இரண்டு வாரங்களுக்கு முன்பே வந்து அரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்த ‘ஈ.டி.’ படத்துக்கு எதிரே நிற்க முடியவில்லை. இன்று இதற்குள்ள மதிப்பில் பெரும்பங்கு வீடியோ கேசட்டால் வந்தது.

அந்தக் கேசட்டில் இருந்தது எந்தப் பதிப்பு என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. 1983-இல் எம்பஸி நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட விஎச்எஸ் கேசட்டிலும், 1987-இல் கிரைட்டீரியன் வெளியிட்ட லேசர் டிஸ்க்கிலும், பத்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1992-இல் வார்னர் வெளியிட்ட கேசட்டிலும் இருந்தது பன்னாட்டுப் பதிப்பே. ரெப்ளிகண்ட்களை உருவாக்கிய டைரெலின் கண்களை அவர்களுள் ஒருவனான ராய் நசுக்குவது, மற்றொருத்தியான பிரிஸ் டெக்கர்டின் மூக்குத் துளைகளில் விரல்விட்டு அவரைத் தூக்குவது, மரத்துப்போகும் தன் கையில் ராய் ஆணியைக் குத்தி மறுபுறம் வரச் செய்வது ஆகியவற்றை அமெரிக்க அரங்குகளில் குறைத்தோ நீக்கியோ காட்டியிருந்தார்கள். அவற்றை முழுமையாக அந்நாட்டு ரசிகர்கள் தங்கள் வரவேற்பறையில்தான் பார்த்தார்கள். கிரைட்டீரியன் டிஸ்க்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது ஒரு சுழற்சிக்கு ஒரு படச்சட்டம் என்ற முறையில் பதியப்பட்டது. ஒரு பக்கத்தில் அரை மணி நேரம்தான் கொள்ளும் என்றாலும், எந்தச் சட்டத்தையும் அசையாமல் நிறுத்திப் பார்க்க முடிந்தது. அகலத்திரையின் ஓரங்களும் வெட்டப்படவில்லை. சுவரொட்டி, குடைக் கைப்பிடி, பின்னணியில் நடப்பவரின் உடை என ஒவ்வொரு மூலையிலும் எதையாவது ஒளித்து வைத்திருக்கும் இப்படத்தை நிறுத்தி நிறுத்திப் படிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

இனி வொர்க்பிரிண்ட். 1982 மார்ச்சில் டென்வரிலும் டாலஸிலும் சோதனைக்காகத் திரையிடப்பட்ட, முழுமை பெறாத பதிப்பு அது. அதைப் பார்த்தவர்கள் கதை விளங்கவில்லை என்றும் மனச்சோர்வு தருகிறது என்றும் சொன்னதன் விளைவாகவே பின்னணிக் குரலும், டெக்கர்டும் அவர் காதலிக்கும் ரெப்ளிகண்ட் ரேச்சலும் பசுமையான மலைப்பாதையில் காரில் செல்லும் மகிழ்ச்சியான முடிவும் சேர்க்கப்பட்டன. (அந்த மலைகளின் வான்வழிக் காட்சிகள், ஸ்டான்லி குப்ரிக் தம் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்தவை.) பிறகு பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த அதன் 70 மி.மீ. பிரதி, திரைப்படப் பாதுகாப்புப் பணியில் இருந்த மைக்கேல் ஆரிக்கின் கண்ணில் பட்டு, 1990 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபேர்ஃபாக்ஸ் அரங்கில் திரையிடப்பட்டது. தங்களுக்கு மனப்பாடமான படத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, குரல் ஏறக்குறைய இல்லாத, மலைப்பாதை அறவே இல்லாத வேறொரு படம் கிடைத்தது. 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸின் நுஆர்ட்டிலும் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோவிலும் அதைத் திரையிட்டபோது கூட்டம் திரண்டது. இயக்குநரின் பதிப்பு என்று அதை விளம்பரப்படுத்தியதை ஸ்காட் ஏற்கவில்லை. அந்த இழுபறியின் விளைவுதான் 1992 செப்டம்பரில் வந்த டைரக்டர்ஸ் கட். அதையும் ஸ்காட் தாமே அமர்ந்து வெட்டவில்லை. அவருடைய குறிப்புகளைக் கொண்டு ஆரிக் முன்னின்று, குறுகிய கால அவகாசத்தில் முடித்தார்.

1997 மார்ச்சில், அமெரிக்காவில் டிவிடி என்ற வடிவமே அறிமுகமான நாட்களில், கடைக்கு வந்த முதல் சில படங்களுள் இதுவும் ஒன்று. அந்த வட்டில் டைரக்டர்ஸ் கட் மட்டுமே இருந்தது. 2006-இல் மெருகேற்றி மீண்டும் வந்ததும் அதுவே. 1982-இன் இரு பதிப்புகளும் 2007 டிசம்பர் வரை டிவிடியில் வரவே இல்லை. இடைப்பட்ட பத்தாண்டுகளில் இப்படத்தைக் கண்டடைந்த ஒரு தலைமுறை, 1982-இன் படத்தைப் பார்க்காமலேயே அதைக் குறைசொல்லக் கற்றுக்கொண்டது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தேனருவி:

பழஞ்சுருள் ஐயா வரலாற்றை விரிவாகச் சொல்லிவிட்டார். நீளம் மாறாமல் படம் எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

டெக்கர்ட் தம் வீட்டில் பியானோ முன் அமர்ந்திருக்கும்போது, காட்டுக்குள் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று ஓடிவரும் காட்சி சில நொடிகள் வருமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இன் இரு பதிப்புகளிலும் அது கிடையாது. ஆகவே படத்தின் இறுதியில், வீட்டு வாசலில் கிடக்கும் வெள்ளித்தாள் குதிரையை டெக்கர்ட் குனிந்து எடுக்கும்போது, தாளை மடித்து உருவங்கள் செய்யும் காவல்துறைக்காரரான காஃப் அங்கே வந்திருக்கிறார், ரேச்சலைக் கொல்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்ற அளவில் பொருள் நின்றுவிடுகிறது. 1992-இல் அந்தக் கனவைச் சேர்த்தவுடன், டெக்கர்டின் மனத்துக்குள் ஓடும் குதிரை காஃபுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுகிறது. ரேச்சலுக்குள் புகுத்தப்பட்ட நினைவுகள் டெக்கர்டுக்குத் தெரிந்திருந்தது போலவே டெக்கர்டின் நினைவுகளும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கின்றன என்றாகிறது. அப்படியானால் அவரும் ஒரு ரெப்ளிகண்ட். ஸ்காட் அப்படித்தான் கருதினார். ஃபோர்டோ டெக்கர்டை மனிதன் என்றே கொண்டு நடித்தார். ஃபைனல் கட்டில் அந்தக் கனவு இன்னும் நீண்டு, கண் விழித்தபடி இருக்கும் டெக்கர்டின் முகத்தோடு மாறி மாறி வருகிறது. சில நொடிகளைச் சேர்த்ததில், ஏற்கனவே இருந்த ஒரு காட்சியில் ஒரு சட்டத்தைக்கூடத் தொடாமல் அதன் பொருள் மாறிவிட்டது.

பின்னணிக் குரலும் இப்படித்தான். அதை நீக்குவதற்குப் படத்தை வெட்ட வேண்டியதில்லை, ஒலித்தடத்தை மாற்றினால் போதும். அதனால்தான் நிமிடக்கணக்கில் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ராய் இறக்கும் இடத்தைப் பதிப்பு மாற்றிப் பாருங்கள். தான் கண்டவை எல்லாம் மழையில் கலந்த கண்ணீராக மறைந்துபோகும் என்று சொல்லிவிட்டு அவன் தலை கவிழ்கிறான். எதிரே டெக்கர்ட் நனைந்தபடி, கண்ணை மெல்ல மூடித் திறந்தபடி அமர்ந்திருக்கிறார். 1982-இல் அந்த முகத்தின் மீது, இவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று டெக்கர்டே விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். குரல் இல்லாத பதிப்பில் அந்த விளக்கத்தை நாம் அவர் முகத்தில் தேடுகிறோம். இந்த ஓர் இடத்துக்காகவே நான் குரல் இல்லாத பதிப்பின் பக்கம் நிற்கிறேன்.

2007-இல் செய்த திருத்தங்கள் பெரும்பாலும் பழைய பிழைகளைச் சரிசெய்வன. தப்பி வந்த ரெப்ளிகண்ட்களில் ஒருத்தியான சோரா கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் காட்சியில் பொய்முடி அணிந்த சண்டைக் கலைஞரின் முகம் அப்பட்டமாகத் தெரியும். சோராவாக நடித்த ஜோனா காசிடியை மீண்டும் வரவழைத்துப் படமெடுத்து, அவருடைய முகத்தைப் பொருத்தினார்கள். பாம்பு வியாபாரியிடம் டெக்கர்ட் பேசும்போது வாயசைவு ஒன்று, பேச்சு ஒன்றாக இருந்ததை, ஃபோர்டின் மகன் பென் ஃபோர்டின் வாயசைவைப் படமெடுத்துச் சேர்த்துச் சரிசெய்தார்கள். தப்பி வந்த ஆறு ரெப்ளிகண்ட்களில் ஒருவர் இறந்ததாகக் காவல் அதிகாரி பிரையன்ட் சொல்ல, எஞ்சிய ஐவரில் நால்வரை மட்டுமே நாம் பார்ப்போம். இப்போது இறந்தவர் இருவர் என்று அவர் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் புறாவைப் பற்றியது. அடைமழை இரவில் ராயின் கையிலிருந்து விடுபடும் புறா, பழைய பதிப்புகளில் பளிச்சென்ற நீல வானத்தில் பறக்கும். ஃபைனல் கட்டில் அது அதே நகரத்தின் இருளுக்குள் எழும்பிச் செல்கிறது.

உங்கள் தம்பிக்கு ஃபைனல் கட்டைத்தான் போட்டுக் காட்ட வேண்டும். பன்னாட்டுப் பதிப்பின் வன்முறைத் துணுக்குகள் 1992-இன் பதிப்பில் இல்லை. 2007-இல் அவையும் திரும்பச் சேர்ந்துள்ளன.

ஒளிச்சட்டம்:

தேனருவி அவர்களின் முடிவோடு நான் மாறுபடுகிறேன், அதற்குக் காரணம் ரசனையைவிட வட்டின் தரம் சார்ந்தது.

ஃபைனல் கட்டுக்காக மூல நெகட்டிவை 4கே தெளிவில் வருடினார்கள், 65 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட தந்திரக் காட்சிகளை 8கே தெளிவில் வருடினார்கள். பறக்கும் கார்களைத் தாங்கிய கம்பிகளை அழித்தார்கள், நிறங்களைப் புதிதாக அமைத்தார்கள். கார்முகில் கவனித்த பச்சை கலந்த நீலம் அந்தப் புதிய நிற அமைப்பின் விளைவு. 2017-இன் 4கே வட்டும், அதன் டால்பி அட்மாஸ் ஒலியும் இந்த ஒரு பதிப்புக்கு மட்டுமே வழங்கப்பட்டன. மற்ற மூன்றும் ஒரே ப்ளூரே வட்டில் கிளைமுறையில் அடைக்கப்பட்டுள்ளன. பொதுவான காட்சிகள் ஒருமுறைதான் பதிவாகியிருக்கும். வேறுபடும் இடம் வரும்போது, நாம் தேர்ந்தெடுத்த பதிப்புக்குரிய துணுக்கை எடுத்து இடையறாமல் ஓட்டுவது பிளேயரின் வேலை. இட நெருக்கடிக்கு அது நல்ல வழிதான். ஆனால் மூன்று பதிப்புகளும் மென்மையான, பழைய பிம்பத்தோடு அங்கேயே நின்றுவிட்டன.

இதனால் ஒப்பீடே கோணலாகிவிடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்ப்பது போன்ற தெளிவில் ஒன்றையும், மங்கலாக மற்றொன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், தெளிவானதே சிறந்த படத்தொகுப்பு என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பிம்பத்தின் தரத்துக்குத் தர வேண்டிய மதிப்பெண்ணை வெட்டுக்குத் தந்துவிடுவார். ஜோர்டன் குரோனென்வெத் 1982-இல் ஒளிப்பதிவு செய்த படம் அக்காலத்து அரங்குகளில் எந்த நிறத்தில் தெரிந்ததோ, அதற்கு அருகில் நிற்பவை இந்தப் பழைய பதிப்புகளே என்பதையும் மறந்துவிடக் கூடாது. திரையரங்குப் பதிப்புகளையும் அதே அக்கறையோடு 4கே-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1993-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படத்தைச் சேர்த்தபோது ஃபைனல் கட் பிறந்திருக்கவே இல்லை.

பின்னணிக் குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைத் தயாரிப்பாளர்கள் கடைசி நேரத்தில் திணித்த அந்நியப் பொருளாகவே பலரும் பேசுகிறார்கள். பதிவு செய்யப்பட்ட வசனங்கள் பலவீனமானவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஃபோர்டும் அதை விரும்பிச் செய்யவில்லை. ஆனால் தனியார் துப்பறிவாளர் தம் கதையைத் தாமே சொல்லும் பழைய ஹாலிவுட் மரபை ஒட்டி, திரைக்கதையின் தொடக்க வரைவுகளிலேயே விவரிப்பு இருந்தது. குரலை எடுத்த பின்பும் சில காட்சிகள், யாரோ பேசப் போகிறார்கள் என்பது போலக் காத்து நிற்பதைக் கூர்ந்து பார்ப்பவர் உணரலாம். டெக்கர்டை ஏற்றிக்கொண்டு காஃப் காவல் தலைமையகத்துக்குப் பறந்து செல்லும் பகுதியை இரு பதிப்புகளிலும் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

வொர்க்பிரிண்டுக்கு வருகிறேன். ஏறத்தாழ 113 நிமிடம். வழக்கமான தொடக்க எழுத்துகளுக்குப் பதிலாக, ரெப்ளிகண்ட் என்பதற்கு ஓர் அகராதி தரும் விளக்கத்தோடு தொடங்குகிறது. ஒற்றைக்கொம்புக் குதிரை இல்லை. விவரிப்பு ஒரே ஓரிடத்தில், ராய் இறந்த பின், 1982-இல் நாம் கேட்பதற்கு வேறான சொற்களோடு வருகிறது. உச்சக்கட்டத்தில் வாஞ்செலிஸின் இசை இல்லாமல், தற்காலிகமாக ஒட்டிய வேறு இசை ஒலிக்கிறது; அதே துரத்தலை அறிமுகமில்லாத இசையோடு பார்க்கும்போது, வாஞ்செலிஸ் இப்படத்துக்கு எவ்வளவு தந்திருக்கிறார் என்பது வேறெந்த விளக்கமும் தேவையில்லாமல் தெரியும். பிம்பம் கீறல்களோடு, நிறம் சற்று வெளுத்து இருக்கும். அதைப் பொருட்படுத்தாதவர் என்றால் தேடி வாங்குங்கள்.

2007 டிசம்பரில் வந்த ஐந்து வட்டுத் தொகுப்பு, டெக்கர்டின் கைப்பெட்டி போன்ற உறையில் டிவிடி, எச்டி டிவிடி, ப்ளூரே என மூன்று வடிவங்களிலும் விற்கப்பட்டது. பழைய பிரதியை வாங்குபவர்கள் எந்த வடிவம் என்பதைப் படத்தைப் பெரிதாக்கி உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டுவிட்டது. ப்ளூரே பிளேயரில் அந்த வட்டு ஓடாது. முப்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2012-இல் வந்த ப்ளூரே தொகுப்பில் ஐந்து பதிப்புகளும் உள்ளன, தேடுவதற்கும் அதுவே ஏற்றது.

கார்முகில்:

மூவருக்கும் மிக்க நன்றி. குதிரைக் கனவைப் பற்றித் தேனருவி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பன்னாட்டுப் பதிப்பின் இறுதிப் பத்து நிமிடங்களை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். மலைப்பாதையில் செல்லும்போது, மற்ற ரெப்ளிகண்ட்களுக்கு இருப்பது போன்ற ஆயுள் வரம்பு ரேச்சலுக்கு வைக்கப்படவில்லை என்று டெக்கர்ட் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. லிஃப்ட் கதவு மூடுவதோடு முடியும் பதிப்பில், அவர்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பது தெரியாமலே எழுந்தேன். அந்த அறியாமைதான் என்னை மறுநாள் அடுத்த வட்டைப் போட வைத்தது. ஆகவே தம்பிக்கு ஃபைனல் கட் என்று முடிவு செய்துவிட்டேன். ஒளிச்சட்டம் அவர்கள் பொறுத்தருள வேண்டும். 2012 தொகுப்பையும் தேடத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. மொத்தம் ஏழு பதிப்புகள் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தொகுப்பில் ஐந்துதானே இருக்கின்றன?

பழஞ்சுருள்:

எஞ்சிய இரண்டில் ஒன்று, 1982 மே மாதம் சான் டியேகோவில் முன்னோட்டமாக ஒரேயொரு முறை திரையிடப்பட்டது. திரையரங்குப் பதிப்போடு கூடுதலாக மூன்று சிறு காட்சித் துணுக்குகள் அதில் இருந்தன. மற்றொன்று, 1986-இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வன்முறையையும் வசவுச் சொற்களையும் குறைத்த பதிப்பு. இரண்டும் எந்த வட்டிலும் வெளிவந்ததில்லை, ஆகவே அவற்றைத் தேடி அலைய வேண்டாம். 2012 தொகுப்பு கைக்குக் கிடைக்கத் தாமதமானால், உங்கள் பெட்டியிலேயே சார்ல்ஸ் டி லாசிரிகா இயக்கிய ‘டேஞ்சரஸ் டேஸ்’ என்ற மூன்றரை மணி நேர ஆவணப்படம் டிவிடி வட்டாக இருக்கிறது. அதுவரை அதைப் பாருங்கள். ஃபைனல் கட்டின் மீட்டெடுப்புப் பணியை மேற்பார்வையிட்டவரும் அவரே. அந்தப் பணி 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, உரிமைச் சிக்கலால் நின்று, பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் நகர்ந்தது. படத்தைப் பார்த்த பின் பாருங்கள். தம்பிக்கும் அந்த வரிசையிலேயே காட்டுங்கள்.